வெள்ளிக்கிழமை அர்ச்சனை

கிள்ளானில் தாம் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆள் குறைத்தபோது, முகுந்தன் பெயரை மேலிடத்தில் சொன்னவர் குணசீலன்தான். முகுந்தனுக்கு அது தெரியாது. மனசு உறுத்தவே, அவனிடம் நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு, வெள்ளிதோறும் பிரிக்ஃபீல்ட்ஸ் முருகன் கோயிலில் பெரிய அர்ச்சனைத் தட்டாகவே வாங்கி அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். அவனுக்குச் சீக்கிரம் வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

முருகனும் மனமிரங்கிவிட்டார். இந்த வெள்ளி, கோயில் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டான் முகுந்தன்.

"அண்ணே, வேலை கிடைச்சிருச்சு லா!"

குணசீலனுக்குப் பாதிப் பாவம் கழிந்தது போலிருந்தது. "எங்கப்பா?"

"நம்ம கம்பெனியேதான். எச்ஆர் பிரிவுக்கே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. எனக்குக் குடுத்த முதல் வேலையே இன்னும் கொஞ்சம் ஆள் குறைக்கிறதுதான்."

"அடடே!"

முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணே, உங்க நட்சத்திரம் என்ன?"