பீலிக்கு மேலே ஒரு குழி

தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நின்றபாடில்லை. சிக்னல் கிடைக்கும் மலை உச்சியில் போனோடு உட்கார்ந்து, குடிநீர்ச் சுகாதாரம் பற்றி ஒன்லைனில் படித்து முடித்த கோகிலா, லயத்தாரைக் கூட்டிப் பேசினாள்.

"மேல இருக்கிற ஒவ்வொரு கக்கூஸ் குழியிலயும் கிளாஸ்ல சொன்னபடி சாயம் ஊத்திப் பாத்தேன். ஒரு குழியிலேருந்துதான் ஊத்துலேருந்து விழுந்து நம்ம குடிக்கிற பீலித் தண்ணியில கலர் வந்துச்சு. அத மூடணும்."

பக்கத்து வீட்டு நல்லையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய கக்கூஸும் மேலேதான் இருக்கிறது.

"கல்லு சொமந்து கட்டுனவனுக்குல்ல வலி தெரியும்! அவன்கிட்ட சொல்லிப் பாரு, அலவாங்கத் தூக்கிக்கிட்டு வருவான்!"

"சொல்லிட்டேன் மாமா. அந்தா வாறாரு."

எல்லோரும் திரும்பினார்கள். குழி தோண்டும் அலவாங்கும் கையுமாக, உடம்பெல்லாம் மண்ணாக இறங்கி வந்தான் நிமலன். கோகிலாவின் புருஷன்.

"நம்ம குழிய மூடிட்டேன் புள்ள," என்றான். "இனி பீலிக்குக் கீழ புதுசு வெட்டணும்."

நல்லையா எழுந்துபோய் அவன் கையிலிருந்த அலவாங்கைப் பறித்தார். மண்வெட்டி எடுக்க ஆளாளுக்கு ஓடினார்கள்.

"நீ தள்ளுடா. நீ குழி வெட்டுன லட்சணத்தத்தான் பாத்தோமே!"