குனிந்து எழுந்த விரல்

“ஒரே ஊட்டுல அஞ்சு பேரு. மூணு பேரு எப்பவும் நிமுந்தே நிப்பாங்க. ஒருத்தன் குனிஞ்சு எந்திரிச்சவன். இன்னொருத்தன் எந்திரிச்சு மறுக்காவும் குனிஞ்சவன். யாருன்னு சொல்லு சாமி?”

இரண்டு காதுகளையும் பொத்தியிருந்த ஐந்து வயது அறிவுச்செல்வி, கேட்பதற்காக ஒரு கையை மட்டும் எடுத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

“தெரியலை மாமா.”

கண்ணுசாமி வலது கையை விரித்துக் காட்டினார். சுண்டு விரல் மட்டும் விரியவில்லை.

பக்கத்தில் நின்ற வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. மகளின் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டிய மூத்த அண்ணன் அவர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். “வளைஞ்ச கையில புள்ளையைப் புடிச்சா காது ஓட்டையும் தூந்து போகும்” என்று நாத்தனார் சௌந்திரம் ஆரம்பித்ததும், “மடியில தம்பி வெச்சுக்கட்டும்ணா, நீங்க பந்தியைப் பாருங்க” என்று இவளே சொல்லிவிட்டாள்.

அவரும் “செரி அம்மிணி” என்றதோடு சரி.

“இந்த மோதிர வெரலு, சுண்டு வெரலு ரெண்டும் உள்ளங்கையோட மடங்கிக் கெடந்துச்சு சாமி. தோலுக்கடியில கயிறாட்ட ஒண்ணு இழுத்துப் புடிச்சிருச்சு. சேலத்து டாக்டரு ஊசி முனையிலயே அந்தக் கயித்தை அங்கங்க அறுத்தாரு. கத்தி இல்லை, தையல் இல்லை. வெரலைப் புடிச்சு இழுத்தாரு பாரு, படக்குன்னு ஒரு சத்தம்! ரெண்டும் நிமுந்து நிக்குது!”

செல்வியின் இன்னொரு கையும் காதிலிருந்து இறங்கியது. மாமனின் உள்ளங்கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு தழும்பும் இல்லை.

“வெறும் ஊசியா மாமா?”

“ஊசியேதான். ஏழு வருசமாச்சு. மோதிர வெரலு இன்னும் நிமுந்தே இருக்குது. சுண்டு வெரலு நாலே வருசத்துல மறுக்கா குனிஞ்சிருச்சு. திரும்ப வந்தாலும் வருமுன்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாரு.”

“வலிச்சுதா?”

“மொதல்ல மரத்துப்போக ஒரு ஊசி போட்டாங்க. அது வலிச்சுது. மாமன் அழுதுட்டேன்.”

“நல்லாருக்குதுங்க!” சௌந்திரம் சீறினாள். “புள்ளையைத் தேத்துவீங்கன்னு பார்த்தா, கிலி புடிக்க வெக்கறீங்களே!”

வசந்தாமணிக்கும் கோபம் வந்தது. மடி உரிமை போன ஆத்திரத்தில் காரியத்தைக் கெடுக்கிறாரோ?

“ஏனுங்கண்ணா, கொஞ்சம் சும்மா இருங்க.”

“மாமன் வந்து உக்காருங்க!” கோயில் மண்டபத்து நடுவிலிருந்து காது குத்த வந்த பத்தர் கூப்பிட்டார்.

இளையவன் தமிழரசு பலகையில் சம்மணமிட்டு மடியைத் தட்டினான். “வா தங்கம். வலிக்கவே வலிக்காது. எறும்பு கடிச்சாப்புலகூட இருக்காது.”

செல்வி பெரிய மாமனைப் பார்த்தாள். “எனக்கு வலிக்குமா?”

மொத்தக் கூட்டமும் அவரை முறைத்தது.

“வலிக்கும் சாமி. ஒவ்வொரு காதுக்கும் ஒருக்கா. அழுவாச்சி வந்தா அழுதுக்கோ.”

சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

செல்வி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜமக்காளத்தில் இருந்த கண்ணுசாமியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.