வெந்த நார்க்கழிவு

கிருமியில்லாத விதைத்தட்டு வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் பால்கனி. மற்ற வீடுகளின் பால்கனியைக் குடியிருப்புச் சங்கம் சுவர் வைத்து அடைத்துவிடும். சோதனை நாளன்று கோதைநாயகி காலையிலிருந்து அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். தென்னை நார்க்கழிவை இட்லிக் கொப்பரையில் அவித்து, ஆறவைத்து, தட்டில் நிரப்பி மூடியது அவள். ‘மண்தூய்மைச் செம்மல்’ பட்டம் வாங்கியது கணவர் சிற்றம்பலம்.

சங்கத்து ஆய்வாளர் பெண் வந்து தட்டின் ஓரத்தில் கருவியைச் செருகிவைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

“இரும்மா, பக்குவத்தைச் சொல்றேன்,” என்று சிற்றம்பலம் மூடியைத் திறந்து, தட்டின்மேல் குனிந்து, ஆதிகாலத்திலிருந்து ஆரம்பித்தார்.

“ஏங்க, மூடுங்க!” என்றாள் கோதைநாயகி.

“நீ சும்மா இரு. என் தட்டுல கிருமிக்கு என்ன வேலை?”

சிவப்பு எரிந்தது.

“நார்ல குத்தமில்ல சார், உங்க எச்சில்தான்,” என்றாள் ஆய்வாளர். “புதுசா அவிச்சு, விதை போட்டு, பால்கனியில வைங்கக்கா. ஆனா முளைக்கிற வரைக்கும் சார் பால்கனிப் பக்கம் வரக் கூடாது.”

“செம்மலே நான்தானேம்மா!”

இப்போது கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று அவர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். வெளியே சத்தம் கேட்பதில்லை. அவர் கண்ணில் படாத மூலையில் கத்தரி முளைத்து நாலு இலையும் விட்டாயிற்று. கோதைநாயகி அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.