மூக்குத்தியில் ஒரு விரல்

அவளுடைய வலது கை மூக்கின் மேல் இருந்தது.

எப்போது அங்கே போனதென்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது.

மடியில் குடையையும் டிபன் பாக்ஸையும் பிடித்துக்கொண்டு சமர்த்தாக இருந்த கைதான். கேள்வியைப் படித்தார்கள். கை கிளம்பிவிட்டது. ஆள்காட்டி விரல் நேராகப் போய் மூக்குத்தியில் உட்கார்ந்துகொண்டது. ஒற்றைக்கல் மூக்குத்தி. கல்யாணத்துக்குப் போட்ட அசல் வைரம்.

மேடையில் கேட்ட கேள்விக்கும் வைரம்தான் பதில்.

மாவட்ட அறிவியல் வினாடி வினா. இறுதிச் சுற்று. மேடையில் இரண்டே பேர். இந்தப் பக்கம் அவளுடைய மாணவி, எட்டாம் வகுப்பு ரிஸ்வானா. அந்தப் பக்கம், எப்போதும் ஜெயிக்கிற பள்ளிக்கூடத்துப் பையன். இருவருக்கும் எழுபத்தைந்து புள்ளி. இது கடைசிக் கேள்வி.

மூன்று வருஷமாக இதே மேடை, இதே பள்ளிக்கூடம். போன வருஷம் ஒரே ஒரு கேள்வியில் போனது. அன்றைக்கு ராத்திரி அவள் வைத்த சாம்பாரில் உப்பே இல்லை. வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் தலைமையாசிரியை கண்ணாடி அலமாரியில் கோப்பைக்கு இடம் ஒதுக்கித் துடைத்தே வைத்துவிட்டார்.

"பென்சில் முனையில் இருக்கிற அதே தனிமம்..." என்று நடுவர் ஆரம்பித்ததுமே ரிஸ்வானா பஸரை அழுத்திவிட்டாள். கிராஃபைட் என்று நினைத்துவிட்டாள், அவசரக்குடுக்கை. நடுவர் மீதியையும் படித்தார். "...ஆனால் இயற்கையில் கிடைப்பதிலேயே மிகக் கடினமானது. எது?"

பிள்ளையின் முகம் வெளுத்தது.

பத்து விநாடி.

தெரியாத பதிலா? போன வாரம்கூட ஒப்பித்தது. தொண்டைவரைக்கும் வந்து நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. முன்வரிசையில் இருந்த அவள் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். சொல்லித் தொலையேண்டி.

அப்போதுதான் கை போயிருக்க வேண்டும்.

ரிஸ்வானா மிஸ்ஸைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். முகத்தில் வெளிச்சம் வந்தது.

அப்பாடா!

வாயைத் திறந்தாள். மூடினாள். மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"சார், பதில் இப்ப தெரிஞ்சுபோச்சு. ஆனா எங்க மிஸ் மூக்குத்தியக் காட்டித்தான் தெரிஞ்சுது. அதனால பாஸ்."

அடிப்பாவி.

அரங்கத்தில் இருநூறு பிள்ளைகள். இருநூறு தலையும் அவள் பக்கம் திரும்பியது. கை இன்னும் மூக்கில்தான் இருந்தது. எடுத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி. எடுக்காவிட்டாலும் ஒப்புக்கொண்ட மாதிரி. லேசாகச் சொறிந்து பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை.

ரிஸ்வானாவை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலக் கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதுகிறவர்களை பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைக்கிறவள் அவள்.

கேள்வி அந்தப் பையனுக்குப் போயிற்று. அவனுக்கென்ன, யோகம். பாதி அரங்கத்துக்கு விடை தெரிந்துவிட்டது. அவன் எழுந்து, எட்டி, அவளுடைய மூக்கை நன்றாகப் பார்த்துக்கொண்டான்.

"தங்கம்!" என்றான்.

அவனுடைய சார் தலையில் அடித்துக்கொண்டார்.

நடுவர் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் ஒரே கேள்வி. யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. அதற்கு முன்னால் ஒரு சின்ன வேண்டுகோள் என்றார். டீச்சர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள முடியுமா?

போட்டுக்கொண்டாள். மேடைக்கு முதுகு. எதிரே இருநூறு பல்வரிசை.

கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். இனி எங்கே போவீர்கள், பார்க்கிறேன்.

"மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு எங்கே இருக்கிறது?"

காதில்.

ஐயோ, காதிலேயா இருந்து தொலைக்க வேண்டும்? மேடையிலிருந்து பார்த்தால் அவளுடைய கொண்டையும் இரண்டு காதும்தான் தெரியும். இடது காது அரிக்க ஆரம்பித்தது. நிஜமாகவே அரித்தது.

கழுத்தை ஒரு நூல் அசைத்தால் போதும். ஜிமிக்கி ஆடிவிடும். ஃபேன் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். யார் என்ன கேட்க முடியும்? மூன்று வருஷம். துடைத்து வைத்த அலமாரி.

கழுத்து அசையவில்லை.

அதை அசையாமல் வைத்திருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மூச்சைக்கூட விடவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எதிர்வரிசைப் பொடியன் ஒருவன் பயந்துபோய்ப் பக்கத்துப் பையனைச் சுரண்டினான்.

பஸர் அடித்தது.

யாருடையது?

"நடுக்காதுல சார்." ரிஸ்வானாவின் குரல். "அங்கவடி எலும்பு."

எலும்பின் பெயரை யாரும் கேட்கவே இல்லை. என் தங்கமே, என்று அவள் உள்ளுக்குள் கத்தினாள்.

"மிகச் சரி!"

கைத்தட்டல் காதைப் பிளந்தது. எதிர்ப்பள்ளிக்கூடத்து சார்கூடத் தட்டினார். எல்லாம் அடங்கிய பிறகு நடுவர் மைக்கில் மெதுவாகச் சொன்னார்.

"முடிஞ்சுதும்மா. இனிமே கண்ணைத் திற."

கண்ணையா? பிள்ளை கண்ணை மூடிக்கொண்டா பதில் சொன்னது?

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் மேடைப் படியில் யாரோ இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது.

"சார்," என்றாள், மேடைக்கு முதுகைக் காட்டியபடியே. "நான் திரும்பலாமா?"