மாமனை அழிக்க நாற்பது நாள்

"மாமன்காரன் மூஞ்சி எங்கன வந்தாலும் இருக்கக்கூடாது. அம்புட்டையும் அழிச்சிருங்க."

கூடலூர் திராட்சைத் தோட்டக்காரர் வேல்பாண்டி, ஸ்டூடியோ மேசையைத் தட்டிச் சொன்னார்.

அது அவர் மகளின் சடங்கு வீடியோ. குமுளியிலிருந்து செண்டை மேளம் வைத்து, இருபத்தொரு தட்டுச் சீரோடு வந்த தாய்மாமன், ஃபிளெக்ஸ் போர்டில் தன் படம் சின்னதாக இருக்கிறதென்று பந்தியில் பாதியில் எழுந்து போய்விட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

வேல்பாண்டிக்குப் பின்னால் அவர் மனைவி உமாதேவி நின்றாள். அழிக்கச் சொல்வது அவளுடைய கூடப்பிறந்த அண்ணனை. கம்ப்யூட்டரில் தெரிந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டினா பாப்பாவுக்கு மாலை போடுற இடமே போயிரும்ணே. ஆளை மட்டும்தான் அழிக்கணும்" என்றான் அஜய்குமார்.

"அதைத்தான்ப்பா செய்யச் சொல்றேன். எத்தனை நாளாகும்?"

அஜய்குமார் மனைவி ஜெபஷீலாவைப் பார்த்தான். கம்பத்தில் அந்த ஸ்டூடியோவைத் திறந்த நாளிலிருந்து கேமரா அவன் பொறுப்பு, கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. அவன் மவுஸைத் தொட்டாலே அவளுக்கு ஆகாது.

"நாப்பது நாளாகும்ணே. நம்ம கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு பழசு. ஒவ்வொரு படமா அழிக்கணும்" என்றாள்.

"நாப்பது நாளா? தை மாசம் எங்கண்ணன் மகன் கல்யாணம். ஆர்டர் உங்களுக்குத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். பதினஞ்சு நாள்ல இது வரலேன்னா, அது வேற ஆளுக்குப் போயிரும். பாத்துக்கங்க."

அவர் படியிறங்கியதும் உள்ளே சண்டை தொடங்கியது.

"புதுக் கார்டு போட்டா ரெண்டு நாள் வேலை. தேனியில கெடைக்குது, வாங்கிப்புடுவோம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"தை மாச ஆர்டர் போயிரும் ஷீலா!"

"போகட்டும். நீங்க என்னைக்காச்சும் எந்த லென்சு வாங்கலாம்னு என்கிட்டக் கேட்டீகளா? இது என் மிஷினு. இதுக்குள்ள என்ன இருக்கணும்னு நான் சொல்வேன்."

அவன் விடாக்கண்டன் என்றால், அவள் கொடாக்கண்டி. கெஞ்சினான், மிரட்டினான், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தான். அவள் மசியவில்லை. "எம் பொண்டாட்டி மாதிரி கஞ்சப்பிசினாறி இந்தக் கம்பத்துலயே இல்லை" என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்ததுதான் மிச்சம். இடையில் வேல்பாண்டி வேறு இரண்டு முறை போன் போட்டுக் கத்தினார்.

பதினான்காம் நாள் அஜய்குமார் யாரிடமும் சொல்லாமல் தேனிக்குக் கிளம்பினான். யாரிடமும் என்றால், மச்சினன் விஜய்ராஜைத் தவிர. ஜெபஷீலாவின் அண்ணன் அவன். ஷூட்டிங்குக்கு லைட் பிடிப்பதிலிருந்து பரோட்டா தின்பது வரை இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டுதான் அலைவார்கள்.

மத்தியானம் பைக்கில் திரும்பி வந்தார்கள். விஜய்ராஜ் எதிர்க் கடைக்கு டீ வாங்கப் போக, அஜய்குமார் மட்டும் அட்டைப் பெட்டியோடு உள்ளே நுழைந்தான்.

ஜெபஷீலா பெட்டியைப் பார்த்தாள். "பிரிக்காதீக. அப்படியே திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவாக."

"முடியாது! இன்னைக்கு நீயா நானான்னு பாத்துருவோம்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான். கையிலிருந்த பெட்டியின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்தான். மறுபடி உள்ளே பார்த்தான்.

அதே கார்டு. அதே இரண்டு ஃபேன்.

"இது இங்கன எப்ப வந்துச்சு?"

"போன ஆடியில பழசு பொகைஞ்சுபோச்சு. என் சீட்டுப் பணத்துல மாத்திட்டேன்."

"அப்ப வேல்பாண்டியண்ணன் வேலை?"

"ஒரு மத்தியானம் போதும்."

அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "பின்ன எதுக்கு அந்த மனுசன்கிட்ட நாப்பது நாளுன்னு புளுகுன? எம் பொழப்பைக் கெடுக்கணும்னே இருக்கியா?"

ஜெபஷீலா நாற்காலியைத் திருப்பி அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"புளுகுனேன். இன்னமும் புளுகுவேன். உமாதேவி மதினி நின்ன நெலையைப் பாத்தீகளா நீங்க? கூடப்பொறந்தவனை அவுக கண்ணு முன்னாடியே அழிக்கச் சொன்னா வயிறு எரியாதா? நாப்பது நாளும் அவரு கோவம் ஆறலேன்னா நாப்பத்தொண்ணாம் நாளு நானே அழிச்சுத் தாரேன். இதுவரைக்கும் எட்டுப் பேரு இப்படி வந்தாக. ஒருத்தருக்கும் அந்த நாளு வரலை. அதுக்கு முந்தியே, 'அழிச்சிராத தாயி'ன்னு ஓடியாந்துட்டாக. இதுக்காக ஆர்டர் போகும்னா தாராளமாப் போகட்டும்."

"பெரிய கண்டுபிடிப்பு! இதை எந்த மகராசன் உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

வாசலில் டீ கிளாசுகளோடு விஜய்ராஜின் குரல் கேட்டது. "மச்சான், உங்களுக்குச் சீனி கம்மியாத்தான் போடச் சொல்லிருக்கேன்!"

ஜெபஷீலா குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கதான். மாப்பிள்ளைக் காருக்குப் பூச் சோடிச்சது சரியில்லைன்னு, நம்ம கல்யாண வீடியோவுல எங்கண்ணனை அழிக்கச் சொன்னீகளே, அப்ப நெசமாவே கார்டு பழசு. நான் பாதி அழிக்கிறதுக்குள்ள, நீங்க அவுக தோள்ல கை போட்டு டீ குடிக்கப் போயிட்டீக."