சட்டிக்குப் பிடித்த மண்

சட்டியைக் காணோம்.

பின்பக்கத்து அடைப்பு காலியாகக் கிடந்தது. தண்ணீர்த் தட்டு இருந்தது, நிழலுக்கு வைத்த மரப்பெட்டி இருந்தது, எங்கள் ஆமை மட்டும் இல்லை. கவிழ்த்து வைத்த மண்சட்டி போல இருப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

மரப்பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அதற்கடியிலும் இல்லை.

மற்ற நாளாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். சட்டி ஒரு வாரமாக வயிற்றில் முட்டைகளோடு அலைந்துகொண்டிருந்தது. ஜோடி இல்லாமல் வளர்கிற ஆமையும் முட்டையிடும் என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது, "மாப்பிள்ளையே இல்லாம பிரசவமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. தோண்டுவதற்குத் தோதான மண் கிடைக்காவிட்டால் ஆமை முட்டைகளை அடக்கிக்கொண்டே இருக்கும், அது உயிருக்கே உலை வைத்துவிடும் என்றார். இன்றைக்குள் இடாவிட்டால் நாளை அறுவை சிகிச்சை. பிழைக்குமா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

தோதான மண் வேண்டுமாம். மகாராணிக்கு நாங்கள் என்னதான் செய்யவில்லை?

வீட்டுக்குள் இருக்கும்போது தங்குவதற்குப் புத்தக அலமாரியை மல்லாக்கப் படுக்கவைத்து, மரப்பட்டைத் தூள் நிரப்பி, மேலே சூடு விளக்கைத் தொங்கவிட்டோம். புத்தகமெல்லாம் கட்டிலுக்கு அடியில் தூசி தின்கிறது. வெளியே உலாவ இந்த அடைப்பு. எங்கள் பக்கத்து மண்ணோ களியும் செங்கல் துண்டும், கடப்பாரைக்கே மசியாது. ஒரு வண்டி மணல் வாங்கிக் கொட்டினோம். சட்டி பின்னங்காலால் தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழியை மூடிக்கொண்டே வந்தது. இரண்டு நாள் போராடிவிட்டு அது தோண்டுவதையே விட்டுவிட்டது. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

வெயிலும் நல்ல மண்ணும் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தன. அந்தப் பக்கம் என் ஓரகத்தியின் வீடு.

நாங்கள் பேசி இரண்டு வருஷமாகிறது. ஒருநாள் சட்டி அவள் கீரைப் பாத்திக்குள் புகுந்து ஒன்றுவிடாமல் மேய்ந்துவிட்டது. வார்த்தை தடித்தது, நடுவில் தடுப்பு வந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் தெருமுனையில் நின்று குலாவிக்கொள்வார்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஒன்றுமே தெரியாத பச்சைப் பிள்ளைகள்.

அண்ணியிடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்று நேற்று இவர் இதே இடத்தில் நின்று கேட்டார். அவள் வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று நான் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும்.

இன்று மருத்துவமனைக்குப் போன் போட்டு, நாளைக்கு நேரம் குறித்துவிட்டு வருவதற்குள் இந்தக் கூத்து. தடுப்பின் அடிப்பலகை ஒன்று இல்லை. முட்டித் தள்ளியிருக்கிறது கழுதை. போயும் போயும் அங்கேயா போக வேண்டும்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன்.

கீரைப் பாத்தியில் பாதி மொட்டையாகக் கிடந்தது. அதன் நட்டநடுவில் சட்டி. பக்கத்திலேயே முக்காலி போட்டு ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள்.

தொலைந்தோம் என்று நினைத்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன். திருப்பிக் கொடுக்கவும் நாக்கு நுனியில் இரண்டு வார்த்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாய மூடு. சத்தம் கேட்டா பாதியில விட்டுட்டுப் போயிடும்."

இரண்டு வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு. என்னை வாயை மூடச் சொன்னவர்கள் யாரும் அதற்கப்புறம் நிம்மதியாக இருந்ததில்லை. மூடிக்கொண்டேன்.

சட்டியின் வாலுக்குக் கீழே ஒரு குழி. ஈர மண், சரியாமல் நின்றது. முதல் முட்டை வெள்ளையாக வெளியே வந்தது. பின்னங்காலை வாகாகக் கொடுத்து, உடைந்துவிடாமல் அதை மெதுவாக உள்ளே இறக்கிவிட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

நான் வாளி மேல் நின்றபடி அழுதேன். இதில் என்ன வெட்கம்? பிழைத்துக்கொண்டது என்றால் பிழைத்துக்கொண்டதுதான்.

கண்ணைத் துடைத்தபோதுதான் முக்காலிக்குப் பின்னால் இருந்த கீரையைக் கவனித்தேன். நாலு விரல்கூட வளராத இளங்கீரை. வேரோடு பிடுங்கி, மண் உதறி, நாரால் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தது. ஆமைக்குக் கீரை தின்னத் தெரியும். கட்டுக் கட்டத் தெரியாது.

அந்த நிமிஷம் அவள் காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பேன். நடுவில் தடுப்பு இருந்தது, பிழைத்தாள்.

கடைசி முட்டையும் இறங்கியது. சட்டி மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, மேலே தட்டித் தட்டிச் சமன் செய்தது. ஓரகத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கழன்ற பலகை அவள் வீட்டுச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அக்கா," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பலகைய எப்ப மாட்டணும்?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"எங்க மாட்டறது? ஸ்க்ரூ எல்லாம் வளைஞ்சுபோச்சு."

எட்டிப் பார்த்தேன். கையிலிருந்த நாலு ஸ்க்ரூவும் ஊசி மாதிரி நேராக இருந்தன.

"ஆமாக்கா," என்றேன். "ரொம்பத்தான் வளைஞ்சிருக்கு."