பூங்கோதை திருத்தம்

"இன்னைக்குப் பணம் எடுக்க முடியாதுங்க. காலையில வதந்தி கிளம்பிருச்சு. பூங்கோதை திருத்தம் அமலுக்கு வந்துருச்சுங்க," என்றாள் வங்கிக் கவுன்ட்டரில் இருந்த பெண்.

வைப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதற்குக் காரணமானவரின் பெயரையே வைப்பது இப்போது வழக்கம். சில வருடங்களுக்கு முன் இதே ஊரில் ஒருத்தி, ஒரு வங்கியின் ஷட்டர் பாதி இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "பேங்க்க மூடறாங்க போல" என்று மகளிர் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். ஷட்டருக்கு எண்ணெய்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முண்டியடித்துப் பணத்தை எடுத்ததில் வங்கி நிஜமாகவே படுத்துவிட்டது. அதிலிருந்து, வதந்தி கிளம்பினாலே எல்லாக் கணக்குகளையும் ஒரு வாரம் பூட்டிவிடுகிறார்கள். போட்ட பணம் எங்கும் போகாது. எடுக்கத்தான் முடியாது.

"புள்ளைக்குப் பிரசவமுங்க. ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க," என்றார் நாச்சிமுத்து. கவுன்ட்டர் பெண் அடுத்த பாஸ்புக்கை எடுத்துப் பதியத் தொடங்கினாள்.

அவர் பெஞ்சுக்கு வந்து, பாஸ்புக்குக்காகக் காத்திருந்த பெண்ணின் பக்கத்தில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பூங்கோதை எவளோ. அவ நல்லா இருப்பாளாங்க?"

"எப்படிங்க நல்லா இருப்பா?" என்றாள் அந்தப் பெண்.

கவுன்ட்டரில், பதிந்து முடித்த பாஸ்புக்கைத் தூக்கிக் காட்டினார்கள். "பூங்கோதை யாருங்க?"

பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாரோ எழுந்து வரப்போவதுபோல அவளும் அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள்.